ஒன்பதாவது எபிசோடின் பிணம்

ஒன்பதாவது எபிசோடில் பிணம் நான்தான்.
நூற்றி எண்பது டாலர், இரண்டு வேளை சூப்,
முகத்துக்கு நீலப் பூச்சு.
ஒரே நிபந்தனை, மூச்சு தெரியக் கூடாது.
மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடம்
மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு
அது ஒரு வேலையா?

இன்றைக்கு ஒளிபரப்பு.
ஜெரால்டின் தன் பாரில் ஹாக்கியை நிறுத்திவிட்டு
என்னைப் போட்டிருக்கிறாள். ஊரே வந்துவிட்டது.
நியூஃபவுண்ட்லாண்டின் இந்த மூலையில் ஊர் என்றால்
முப்பத்தொரு பேர், ஒரு நாய்.
ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் லியாண்டர் புடிஸ்டர்,
ஓய்வுபெற்ற கான்ஸ்டபிள்.
இந்தத் தொடரைப் பொறுத்தமட்டில் எங்கள் சுப்ரீம் கோர்ட்.

கதை இதுதான்.
கான்ஸ்டபிள் டிஸார்டுக்கு ஒரு வரம், அல்லது சாபம்.
நீரில் செத்தவன் கையைத் தொட்டால்
அவன் ஒரு கேள்விக்கு உண்மை சொல்லியாக வேண்டும்.
ஒன்றே ஒன்றுக்கு.
எட்டு எபிசோடுகளாக அவள் கேட்டதெல்லாம் "யார்?"
எட்டு முறையும் ஒரு பெயர் வந்தது, விலங்கு மாட்டினார்கள்.
"எனக்கு அப்படியொரு கை வாய்த்திருந்தால்
பாதிப் படிவங்கள் மிச்சமாகியிருக்கும்" என்பார் லியாண்டர்,
வாராவாரம், அதே வார்த்தைகளில்.

இதோ நான். படகிறக்கும் சரிவில், பாசிக்கு நடுவே, மல்லாந்து.
கைதட்டல்.
என் இடது இமை துடிக்கிறது.
"அமோஸ், நீ பிணத்துக்குக்கூட லாயக்கில்லை" என்கிறான் ஹூபர்ட்.
நாய் திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது,
குழம்பிப்போய்ப் படுத்துக்கொண்டது.

அவள் மண்டியிடுகிறாள். கையுறையைக் கழற்றுகிறாள்.
(தடயத்தைக் கெடுக்கிறாள் பாவி, என்கிறது சுப்ரீம் கோர்ட்)
என் கையைத் தொடுகிறாள்.
இசை நிற்கிறது.

"குளிருகிறதா?"

இதை யாரும் எழுதவில்லை.
பிப்ரவரி. நாலாவது டேக்.
முதுகுக்கடியில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது.
ரோவெனா "யார்?" என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.
என் விரல் நடுங்கியது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது.
வாய் தவறிக் கேட்டாள். நானும் வாய் தவறிச் சொன்னேன்.
இயக்குநர் கட் சொல்லவில்லை.
மூன்று பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து
மிச்சக் கதையை அதற்குத் தோதாக வளைத்தார்களாம்.

திரையில் என் வாய் திறக்கிறது.
டொராண்டோவில் வாங்கிப் பொருத்திய ஒரு குரல்
ஆழமாக, அழகாக,
"இப்போது இல்லை" என்கிறது.
கேள்வி தீர்ந்தது. கொலைகாரன் பெயர் என்னோடு போயிற்று.
மேலதிகாரி மேசையில் குத்துகிறார்.

பாரில் யாரோ சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்கள்.
லியாண்டர் ஒரு குறையும் சொல்லவில்லை.
எண்பத்தேழு நவம்பரில்
டோபின் பையனைக் கொக்கி போட்டு இழுத்தவர் அவர்.
விடிந்து டாக்டர் வரும்வரை
ஒற்றை ஆளாய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார்,
தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு.
அறிக்கையில் கோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.
ஊருக்குத் தெரியும். ஊர் பேசாது.

பனி டயர் விளம்பரம்.
அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:
"நிஜத்தில் என்ன சொன்னாய்?"
"'ரொம்ப' என்றேன்."
தலையை ஆட்டினார்.
டயர் போய், காப்பீடு வந்து,
காப்பீடும் போகும்வரை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் சட்டைப் பையில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தது,
அதை வைத்து யாரையோ பிடித்தார்கள்.
யாரைப் பிடித்தார்களென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

அடுத்த வாரம்: நிலா, ஊளை,
கலங்கரை விளக்கின் படியில் மனிதக் கண்ணோடு ஓர் ஓநாய்.
லியாண்டர் தொண்டையைச் செருமினார். நாங்கள் காத்திருந்தோம்.
"இந்தத் தீவில்" என்றார்,
"ஓநாயே கிடையாது."

ஜெரால்டின் ஹாக்கியைத் திரும்பப் போட்டாள்.
அதற்குள் நாங்கள் இரண்டு கோல் வாங்கியிருந்தோம்.